வெள்ளம் வடிந்த பிறகு...

மாமியார் பொள்ளாச்சியில், நீங்கள் கோவையில். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று... எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள, சம்பளத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறீர்கள். பேரூர் பட்டீஸ்வரர் சந்நிதியில் கைகூப்பும்போது மனசு உறுத்துகிறது. 'கடமையைக் காசு கொடுத்துக் கைகழுவிவிட்டேனோ?'

திருச்சி மலைக்கோட்டை தலபுராணத்தை நினைத்துப் பாருங்கள், சகோதரி! ரத்னாவதிக்குப் பிரசவ வேளை. காவிரியிலோ வெள்ளம். அக்கரையில் தவித்து நின்றாள் தாய். அவளுடைய உருவத்தில் ஈசனே வந்து பிரசவம் பார்த்தார்; தாயுமானவர் ஆனார். உரியவர் வர முடியாதபோது இன்னொரு கை உதவுவதில் தோஷம் ஏது?

ஆனால், வெள்ளம் வடிந்ததும் அந்தத் தாய் ஓடோடி வந்தாளே! மகன் அமெரிக்காவில் என்றால், அது வெள்ளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பொள்ளாச்சிக்கும் நமக்கும் நடுவே காவிரியா ஓடுகிறது? சுமார் 40 கி.மீ. பஸ் பயணம்தானே?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டம், அவர்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்கிறது. 'ஏங்கண்ணு, இந்த வாரமும் வரலையா?' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பெண்ணிடம் மாத்திரைக் கணக்கோடு, அத்தை இன்று யாரைப் பற்றிப் பேசினார், ஏன் சாப்பிடவில்லை என்பதையும் கேளுங்கள். இந்த ஞாயிறு அவளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டு, மாத்திரை டப்பாவை நீங்களே கையில் எடுங்கள்.