தகுதி பார்த்தா கை நீட்டுவது?

உயிரைக் காப்பது கடமை என்பதை மறுப்பார் எவருமில்லர். ஆயின், ‘யாருடைய உயிரை?’ என்று கேட்டவுடன் நம்மிற் பலரது குரல் தாழ்ந்துவிடுகின்றது. ஹெரோயினை உட்கொண்டு மூச்சடங்கிக் கிடக்கும் இளைஞனைக் கண்டு, “தானே தேடிய வினை” என்று சொல்லி விலகிச் செல்வோர் கொடியவர்கள் அல்லர். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் தவறாது செல்பவர்கள்; தம் பிள்ளைகளை அன்போடு வளர்ப்பவர்கள். ஆகவேதான் அவர்களது கூற்றை ஒதுக்கித் தள்ளாது, நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

இம்மரணம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. அபினும், அதன்வழி வந்த மோர்பின், ஹெரோயின் ஆகியனவும், இரசாயன முறையில் ஆக்கப்படும் பென்றனில் போன்றனவும் மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தப்படுத்துவன. அளவு மிஞ்சும்போது மூச்சு குறைகிறது. உதடு நீலம் பாரிக்கிறது. கண்மணி ஊசிமுனையளவாய்ச் சுருங்குகிறது. தொண்டையில் குறட்டை போன்றதோர் ஒலி எழுகிறது. அருகிலிருப்போர் அதை உறக்கமென்று எண்ணி விட்டுவிடுகின்றனர். மதுவோ தூக்கமாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். எனினும், பெரும்பாலான வேளைகளில் மரணம் கணத்தில் வந்துவிடுவதில்லை. காப்பதற்குச் சிறிது காலம் இருக்கின்றது. நலொக்சோன் என்னும் மாற்றுமருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத் தரவல்லது. அது போதை தருவதன்று. அதன் வலு 30 முதல் 90 நிமிடம் வரையே நிற்குமாதலால், பின்னர் வைத்தியசாலை செல்வது இன்றியமையாதது. அபின் இனத்தைச் சேராத ‘ஐஸ்’ போன்றவற்றுக்கு அது மருந்தாகாது.

இம்மருந்தை வைத்தியரின் அலுமாரியிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரிய அரசுகள் அல்ல, சாதாரண மக்களே. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1996ஆம் ஆண்டில் ஒரு தொண்டர் குழு, போதைப் பழக்கமுடையோர் கையிலேயே மருந்தைக் கொடுத்து, உபயோகிக்கும் முறையையும் கற்பித்தது. பர்மிய எல்லையை அடுத்த மணிப்பூரில் ஹெரோயின் இளைஞர்களைச் சூறையாடியபோது, அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே சங்கம் அமைத்துத் தம் தோழர்களைக் காக்க முன்வந்தனர். 2014இல் உலக சுகாதார நிறுவனமும், மூச்சடைப்பை நேரிற் காணக்கூடிய எவர்க்கும், அதாவது நண்பர்க்கும் குடும்பத்தார்க்கும், இம்மருந்து கிடைக்க வேண்டுமென விதந்துரைத்தது.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். “காப்பாற்றுவார் உண்டென்று தெரிந்தால் துணிந்து மேலும் உட்கொள்வானே!” என்கின்றனர். திருகோணமலையில் வாழ்பவர் இதற்கு விடைகாண நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் எச்சரிக்கையை மீறிக் கடலேறிய வள்ளம் கரை திரும்பவில்லையெனில், தேடிச் செல்வோர் அவன் எச்சரிக்கையைக் கேட்டானா என்று விசாரித்த பின்னரா வள்ளத்தைத் தள்ளுகின்றனர்? குடித்துவிட்டுப் போனானா, கள்ளக்கடத்தலுக்குப் போனானா என்பதெல்லாம் அவனை உயிரோடு கரைசேர்த்த பின்னர் எழ வேண்டிய வினாக்கள். தேடிச் செல்வோர் உண்டென்பதனால் எவனும் புயலை விரும்பிக் கடலுக்குப் போவதுமில்லை.

“மீனவன் பிழைப்புக்காகப் போகிறான், இவனோ இன்பத்துக்காக அல்லவா?” என்று மேலும் கேட்கலாம். பழக்கம் வேரூன்றியபின் இன்பம் என்பது பெயரளவே. உடல் நடுக்கம், வயிற்றோட்டம், உறக்கமின்மை ஆகிய வேதனைகளிலிருந்து சில மணிநேரம் தப்புவதற்காகவே அவன் மீண்டும் அதனை நாடுகிறான். தொடக்கத்தில் அவனுக்குத் தெரிவு இருந்தது. அந்தப் பொறுப்பு அவனுடையதே. ஆயின், பொறுப்பு இருப்பதனால் மரணம் தண்டனையாகிவிடாது. எந்த நீதிமன்றமும் விதிக்காத மரணத்தை அயலாரின் அலட்சியம் விதிப்பதற்கு அறத்தில் இடமில்லை.

முற்போக்கு எண்ணமுடையோர் எழுப்பும் மறுப்பு இன்னும் ஆழமானது. போதைப்பொருள் ஒரு வாணிபம். அபின் வாணிபத்தைக் காக்கவே பிரித்தானியா 1839 முதல் 1842 வரை சீனத்தின்மீது போர் தொடுத்தது. இன்றும் இலாபம் மேலிருப்போர்க்கு, மரணம் கீழிருப்போர்க்கு. வேலையின்மையையும், போர் விட்டுச்சென்ற வெறுமையையும் நீக்காது மருந்துக்குப்பியை நீட்டுவது புண்ணுக்கு மேற்பூச்சு அன்றோ என்று அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் சமுதாயம் மாறும் நாள்வரை ஒருவன் மூச்சை நிறுத்திக் காத்திருக்க முடியாது. நாளைய மாற்றத்தின் பெயரால் இன்றைய மனிதனைக் கைவிடும் தத்துவம், எவருக்காக அம்மாற்றம் என்பதையே மறந்துவிடுகின்றது.

நமது நாட்டில் இக்கேள்வி சட்டத்தோடு பின்னிக் கிடக்கின்றது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபின், 2 கிராம் ஹெரோயின் வைத்திருப்பதே மரணதண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாயிற்று. வணிகனை அஞ்சவைக்க வந்த சட்டம், மூச்சடங்கியவன் அருகில் இருக்கும் தோழனையும் அஞ்சவைக்கின்றது. உதவிக்கு அழைத்தால் பொலிசார் வருவரோ என்று அவன் தயங்கும் நிமிடங்களிலேயே உயிர் போகின்றது. இதனை உணர்ந்த நியூ மெக்சிக்கோ மாநிலம், உதவி கோரி அழைப்பவரைப் போதைப்பொருளை வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குக்கு உட்படுத்தாதிருக்க 2007இல் சட்டம் இயற்றியது.

சிறையும் புனர்வாழ்வு நிலையமும் இதில் மறைமுகமாகப் பங்கு கொள்கின்றன. சில மாதங்கள் உட்கொள்ளாதிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்துவிடுகிறது. வெளியே வந்த முதல் இரு வாரங்களே மிக ஆபத்தானவை. திருந்தி வந்தான் என்று வீட்டார் மகிழும் அக்காலத்திலேயே அவனுக்குக் காவல் மிகுதியும் தேவை. இந்த எளிய உண்மையை அவனுக்கோ அவன் தாய்க்கோ சொல்லி அனுப்பாதிருப்பது பெருங் குறை.

இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலோர் ஊசியால் ஏற்றாது புகையாகவே உள்ளிழுக்கின்றனர். அதனால் ஆபத்து சற்றுக் குறைவு. அது கவலையற்றிருக்கக் காரணமாகாது. ஆயத்தம் செய்யக் கிடைத்த அவகாசம் என்றே கொள்ளல் வேண்டும். துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் சனசமூக நிலையங்களும், வாசிகசாலைகளும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. மயங்கியவனின் மூச்சைக் கவனிக்கவும், மூச்சு நின்றால் வாயோடு வாய்வைத்து ஊதவும், மூச்சு இருந்தால் ஒருக்களித்துக் கிடத்தவும், தாமதமின்றி 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைக்கவும் அங்கே ஒரு மாலைப்பொழுதிற் கற்பிக்கலாம். மருந்தும், அழைப்பவர்க்குப் பாதுகாப்பும் வேண்டுமென அங்கிருந்தே கோரிக்கை எழுப்பலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப்பங்குண்டு. போதையின் தீமையை மேடையில் முழங்குவதோடு நம் பணி முடிந்ததென எண்ணுகிறோம். பாடசாலையை விட்டு இடையில் நின்ற மாணவனின் பெயரை வரவுப் பதிவேட்டில் சிவப்புக்கோட்டால் வெட்டுகிறோம். அவன் எங்கே இருக்கிறான், எவரோடு இருக்கிறான் என்று கேட்டறியும் ஆசிரியனே அவனை ஆபத்து நாடும்முன் காணக்கூடியவன். தகுதியுடையோரை மட்டும் காப்பது அறமெனில், அதற்கு ஆசிரியனும் வேண்டாம், அயலானும் வேண்டாம்; அவர்களைக் காக்க உலகில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். தகுதியற்றவன் என்று ஊர் தீர்த்துவிட்டவனிடத்திலேதான் நமது அறம் சோதிக்கப்படுகின்றது.