மொழி கேட்காத படம்

"இன்று என்ன கிழமை?" ஞாபகப் பரிசோதனையில் இதைப் பீல் நகரத்தில் டொச்சிலும் கேட்பார்கள், பிரெஞ்சிலும் கேட்பார்கள். எங்கள் அம்மாமாருக்கு இரண்டுமே அரைகுறை. மொழிபெயர்க்கப் போகும் பேரப்பிள்ளை, பதிலையும் கொஞ்சம் திருத்திவிடும். புள்ளி குறைந்தால், குறைந்தது ஞாபகமா, மொழியா?

இதனால்தான் 'ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்' என்ற பேச்சு எங்கள் வீடுகளில் செல்லுபடியாகிறது. படத்துக்கு மொழி வேண்டாம். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலொயிட் புரதத்தைப் 'பெட்' ஸ்கேனில் காட்ட, கதிர்வீசும் சிறு மூலக்கூறுகளை இன்று ஏற்றுகிறார்கள். பிறபொருளெதிரி இலக்கை இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்து பிடிக்கும். ஆனால் உருவத்தில் பெரியது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுதான். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். மூளைக்குள் இரும்பு போகும் வாசலில் ஒட்டிக்கொள்ளும்படி பிறபொருளெதிரியை மாற்றி, அதில் அயடீன்-124ஐப் பூட்டி, சுண்டெலிகளின் மூளையைப் படம் பிடித்தார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. அழகான வேலை.

ஆனால் படத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது? அடுகானுமாப், சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதியவர்களின் குருதியிலிருந்து தேடியெடுத்த பிறபொருளெதிரி. இரண்டு பெரிய பரிசோதனைகளும் பலன் தராது என்று 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. கணக்கை மறுபடி பார்த்தபோது ஒன்றில் மட்டும் சிறு பலன். 2021 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. சொன்ன காரணம், ஸ்கேனில் படிவு குறைந்திருந்தது. ஐரோப்பா மறுத்தது. 2024இல் பயோஜென் நிறுவனமே கைவிட்டது. அந்த நிறுவனத்தின் ஆலை பீலுக்குக் கிட்ட, லூட்டர்பாக்கில் நிற்கிறது.

நான் கணினித்துறைக்காரன். கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும். பாவனையாளரோ உள்ளே போகமுடியாமல் நிற்பார். திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தன்னிடம் கேட்டதைத்தான் காட்டுகிறது.

உப்சாலாவில் பிறந்த லெக்கனமாப், சரிவை 18 மாதங்களில் 27 சதவீதம் மெதுவாக்கியது. அந்த 27ஐத் தந்தது படமல்ல. நோயாளியிடமும் வீட்டாரிடமும் உட்கார்ந்து கேட்ட கேள்விகள்: வீட்டுவேலை எப்படி, காசுக்கணக்கு எப்படி, அக்கம்பக்கத்தில் பழக்கம் எப்படி. அதாவது, படத்தைச் சரிபார்க்கவே கதைதான் வேண்டியிருக்கிறது. அம்மா அந்தக் கதையைத் தமிழில்தான் சொல்லுவா. ஸ்கேன் கேட்க எங்களுக்குக் கூச்சமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்கத்தான் கூச்சம். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளையையே கூட்டிக்கொண்டு போகிறோம்.