வளர்ச்சியும் ஒடுக்கமும்

வளர்வது நன்மை, அழிவது தீமை என்பது பொது எண்ணம். உடல் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது நரம்புச் செல்கள் தேவைக்கு மேல் பிறக்கின்றன. பல பகுதிகளில் அவற்றுள் ஏறத்தாழப் பாதி, வளரும் காலத்திலேயே மடிகின்றன. புற்றுநோயிலோ மடிய வேண்டிய செல் மடியாமல் பெருகுகிறது. அழிவு படைப்புக்குப் பகையா, படைப்பின் பகுதியா என்பது சமயங்களின் பழைய கேள்வி. இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி-மோண்டால்சினியின் (1909–2012) ஆய்வு இதற்கு உடலிலிருந்து ஒரு சான்று தருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேரூன்றிய வைணவ மரபு வேறொரு வழியில் விடை சொல்கிறது.

டூரின் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட்டா, 1938இன் இனவெறிச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, தீட்டிய தையல் ஊசிகளால் கோழிக்கருவை அறுத்து ஆராய்ந்தார். முளைவிடும் காலை வெட்டி எடுத்துவிட்டால், அதற்குச் செல்ல வேண்டிய நரம்புச் செல்கள் என்ன ஆகின்றன? அவை உருவாகாமல் போகின்றன என்பது கருவியலாளர் விக்டர் ஹாம்பர்கரின் கருத்து. அவை உருவாகி, வளர்ந்து, பின்னரே மடிகின்றன என்று ரீட்டா கண்டார். சேர வேண்டிய இடத்திலிருந்து ஏதோ ஓர் ஊட்டம் வராததே காரணம் என்று கருதினார். 1947இல் ஹாம்பர்கரே அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார்.

அந்த ஊட்டத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு புற்றுக்கட்டி. எல்மர் பியூக்கர் 1948இல் எலியின் கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டியபோது, நரம்பிழைகள் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. ரீட்டா அந்தச் சோதனையை மீண்டும் செய்தார். கட்டியைக் கருவுக்கு வெளியே உள்ள சவ்வில், இரத்த ஓட்டம் மட்டுமே இரண்டையும் இணைக்கும்படி வைத்தார். அப்போதும் நரம்புகள் பெருகின. ஆகவே கட்டியிலிருந்து கரைந்து பரவும் பொருள் ஒன்று உண்டு என்பது உறுதியானது. ஸ்டான்லி கோஹன் அதைப் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அது பெயர் பெற்றது. தொடர்ந்து மேல்தோல் வளர்ச்சிக் காரணியையும் கோஹன் கண்டுபிடித்தார். 1986இல் ரீட்டா, கோஹன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாறு தொடங்கிய கருவியல் ஆய்வு புற்றுநோய் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் கட்டளையைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத் தடுக்கும் ஜெஃபிடினிப் நுரையீரல் புற்றுநோயில் பயன்படுகிறது. மனிதக் குடல் கட்டி ஒன்றில் கண்டறியப்பட்ட டிஆர்கே என்னும் மரபணு, நரம்பு வளர்ச்சிக் காரணியின் ஏற்பிக்கு உரியது என்று 1991இல் தெரியவந்தது. அவ்வகை ஏற்பிகளைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கட்டிக்கும் அது மருந்தாகிறது. கருவில் செல்லை வாழவைக்கும் அதே கட்டளை, நிறுத்துவாரின்றித் தொடர்ந்தால் நோயாகிறது. அந்தக் கட்டளையை அடக்குவதே இங்கே சிகிச்சை.

இனி வைணவம் தரும் விடை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைக் கோபுரத்தின் கீழ்க் கோயில்கொண்ட பெருமாள் வடபத்ரசாயி, அதாவது ஆலிலைமேல் துயில்பவர். பிரளய வெள்ளத்தில் சிறு குழந்தையாய் மிதப்பவரின் வயிற்றுக்குள் மார்க்கண்டேயர் புகுந்து, அழிந்ததாக எண்ணிய உலகங்கள் அனைத்தையும் அங்கே கண்டார் என்பது புராணம். இந்தத் திருவுருவில் அழிவின் வடிவமே குழந்தையாக இருக்கிறது. ஒடுங்கியவை இல்லாமல் போகவில்லை. நுண்ணிய நிலையில் காக்கப்படுகின்றன.

வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயம் என்னும் நூலில் இந்த ஒடுக்கத்துக்குக் காரணம் கூறுகிறார். அடங்காத மகனைத் தந்தை விலங்கிட்டு வைப்பது போன்றது சம்ஹாரம், அதாவது ஒடுக்கம், என்பது அவர் காட்டும் உவமை. மேலும் தீங்கு தேடிக்கொள்ளாதபடி உயிர்களைத் தடுத்து நிறுத்தும் கருணை அது.

ஒடுக்கம் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்பதில் இரு விடைகளும் ஒத்துப்போகின்றன. யாருடைய நன்மைக்காக ஒடுக்கம் என்பதில் பிரிகின்றன. செல் மடிவது உடல் முழுமைக்காக. மடிந்த செல்லுக்கு அதில் பங்கில்லை. வைணவத்தில் ஒவ்வோர் உயிரும் அழிவற்றது. ஒடுக்கமும் அந்த உயிரின் நன்மைக்கே. ஆதலால் செல்லுக்குரிய நியாயத்தை மனிதருக்கு நீட்டி, முழுமைக்காக ஒருவர் அழியலாம் என்று சொல்ல இம்மரபு இடம் தராது.

நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவர்க்கும் இந்த வேறுபாடு முக்கியமானது. கட்டியின் கட்டற்ற பெருக்கத்தைப் பிரளயமாக எண்ணித் தலைவணங்க வேண்டியதில்லை. அங்கே குறைவது ஒடுக்கம்தான். அதைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இறைவனின் விருப்பத்துக்கு எதிரானதாகாது. ஒரு குழந்தைக்கு ஏன் அந்த நோய் வந்தது என்று கேட்டால், மரபணுப் பிறழ்வு எப்படி வந்தது என்பதை மட்டுமே அறிவியல் சொல்லும். அந்தத் துன்பத்தை நியாயப்படுத்துவது அறிவியலின் வேலையும் அல்ல, ஆலிலைக் குழந்தையின் கதை சொல்ல வருவதும் அல்ல.