மாஸ்கோ தூதரகமும் எட்டாம் கற்பனையும்



1953-ம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மாஸ்கோ நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மேல் சோவியத் ஆட்சியினர் நுண்ணலைகளைப் பாய்ச்சி வந்தனர். இன்று சில வீடுகளில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பிலுள்ள அதே ஜாதி அலைதான். வலிமை மாத்திரம் மிக மிகக் குறைவு. நோக்கம் இன்னதென்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை.

வாஷிங்டன் அதிகாரிகள் இதை அறிந்திருந்தனர். 1965-ல் தொடங்கிய ‘பண்டோரா’ என்னும் இரகசியத் திட்டத்தில் குரங்குகளின் மேல் இவ்வலைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். இது போர்க்கருவியாகுமோ என்ற எண்ணமும் இருந்தது. தூதரக ஊழியரின் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். ஏதோ வைரஸ் ஆராய்ச்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டது! உண்மை தெரிவிக்கப்பட்டதோ 1976-ல்தான்.

உண்மையை விவேகத்தோடு மறைத்து வைப்பது பொய்யாகாது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். பகைவனிடம் மறைக்கலாம், சரி. ஆனால் அலை பட்டது யாருடைய உடலில்? அக்கட்டடத்தில் குடும்பங்களும் வாசம்பண்ணின. தன் சரீரத்துக்கு நேரிடுவதை அறியும் உரிமை பகைவனுடையதல்ல, அவர்களுடையது. வைரஸ் என்று சாக்குச் சொன்னபோதோ, அது மறைப்பும் அல்ல, பொய்யேதான்.

1978-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, அலைகளால் நோய் வந்ததற்கு ஆதாரம் காணவில்லை என்றனர். “அப்படியானால் பாவம் எங்கே, சுவாமி?” என்று நம் வாலிபர் கேட்கக்கூடும். அந்த முடிவு வருமென்று மறைத்த நாட்களில் அதிகாரிகளுக்கே தெரியாது. தெரியாமலிருந்தும், பிறர் பிள்ளைகளை அங்கே உறங்கவிட்டார்கள்.