செவ்வாய்க்கிழமை யாருக்கு விடுமுறை?

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வாசலில் பதினோரு குழந்தைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில குடும்பங்கள் வாரம் ஒருநாள் ஒன்றாக வெளியே போவது வழக்கம். கோட்டூர்புரம் கோளரங்கம், கிண்டி பாம்புப் பண்ணை, பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம், கபாலீசுவரர் கோயில் குளம் எல்லாம் அவர்களுக்கு வகுப்பறைகள். கையில் நூறு ரூபாயைக் கொடுத்து ரங்கநாதன் தெருவில் சாமான் வாங்கச் சொல்வது கணக்குப் பாடம். அந்தக் குழுவில் இருந்த என் தோழி, "அக்கா, நீங்க வந்தா சிற்பத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லலாமே" என்று கேட்டிருந்தாள். எனக்கு அன்று பிற்பகலில்தான் வகுப்பு. ஒத்துக்கொண்டேன்.

வந்தவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் அம்மாக்கள். குழந்தைகளை எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு இருந்தது. பன்னிரண்டாவதாக வந்தவள் தோழியின் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். தோழி வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள். "அவங்க அம்மாவுக்குக் காய்ச்சல். இன்னிக்கு ஒருநாள் மட்டும் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் தோழி, நான் கேட்கும் முன்பே.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு பேரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அமராவதிச் சிற்பங்களின் முன்னால் நின்று, கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த ஒரு பெரிய பௌத்தத் தூபியைப் பற்றிச் சொன்னேன். தாமரைப் பதக்கங்களை, யானையை, கூடி நிற்கும் பெண்களைக் காட்டினேன். குழந்தைகள் நன்றாகக் கேட்டார்கள். கூச்சமில்லாமல் குறுக்கே பேசினார்கள், சந்தேகம் கேட்டார்கள், படம் வரைந்தார்கள். மணி அடித்தவுடன் எழுந்து ஓடப் பழகாத பிள்ளைகளின் நிதானம் அவர்களிடம் இருந்தது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவள் என்பதால் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், இந்தக் கல்லையெல்லாம் யாரு தூக்கினு வந்தாங்க?"

அந்தச் சிறுமிதான். அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே வரலாற்றுக்கு மிக நெருக்கமான கேள்வி அது. 1845இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அமராவதியைத் தோண்டிக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் பெரும்பகுதி பின்னர் கப்பலேறி லண்டனுக்குப் போனது. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொன்னேன். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. தூக்கியவர்கள் யார் என்று கேட்டாள். அனுப்பியவரின் பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நான் பதிலைத் தேடுவதற்குள் இடுப்பிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் வெளியே போய்விட்டாள்.

அன்று முதல் என்னை விடாமல் தொந்தரவு செய்யும் விஷயம் இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரே கூடத்தில், பள்ளிக்குப் போகாத பன்னிரண்டு குழந்தைகள் நின்றார்கள். பதினோரு பேருக்கு அது கல்விச் சுற்றுலா. ஒருத்திக்கு அது வேலை. அவள் அன்று பள்ளிக்குப் போகாததற்கு வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று விழுந்திருக்கும். இதே போல அடிக்கடி நடந்தால் 'இடைநின்றவள்' என்பார்கள். மற்றவர்கள் பள்ளிக்குப் போகாததற்குப் பெயர் 'மாற்றுக் கல்வி'.

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006இலேயே தடை செய்யப்பட்டது. 2016இல் வந்த திருத்தம் எல்லா வேலைக்கும் அந்தத் தடையை நீட்டி, சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதை, அதுவும் பள்ளி நேரம் போக, விட்டுவைத்தது. சட்டத்தைக் கொண்டு தோழியைக் குற்றம் சொல்வது எனக்கு எளிது. ஆனால் அவளை எனக்குத் தெரியும். நல்ல சம்பளத்தில் இருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைக் கசக்கும் பள்ளிகளைப் பார்த்துப் பயந்து எடுத்த முடிவு அது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கணவர் முழு ஆதரவு. ஆனால் அந்த ஆதரவு ஒரு செவ்வாய்க்கிழமைகூட விடுப்பு எடுத்ததில்லை.

பள்ளி என்பது பாடம் நடத்தும் இடம் மட்டுமில்லை. ஒரு நாளின் ஏழெட்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமும்கூட. பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டால் அந்த வேலை மறைந்துபோவதில்லை, கை மாறுகிறது. அப்பாவைத் தொடாமல் அம்மாவிடம் வருகிறது. அம்மாவால் முடியாத பகுதி வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் போகிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் மகளிடம் போகிறது. எல்லா நிறுத்தத்திலும் ஒரு பெண்தான் நிற்கிறாள், கடைசி நிறுத்தத்தில் நிற்பவளுக்கு வயது பன்னிரண்டு.

வீட்டிலிருந்தபடி படிப்பது இந்த மண்ணின் பெண்களுக்குப் புதிதல்ல. 1886இல் பிறந்த இருவரை நினைத்துக்கொள்கிறேன். மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமிக்குப் பதினொரு வயதில் திருமணம். வெகு விரைவில் கைம்மை. அதன்பின் வீட்டில் அப்பாதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே அப்பாவிடம் படித்தார். இருவருக்கும் அது மாற்றுக் கல்வி அல்ல. வெளியே போகக்கூடாது என்பதால் கிடைத்த கல்வி. வாசலைத் தாண்டுவதற்காகவே அவர்கள் படித்தார்கள். ஒருவர் 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மற்றவர் எதிர்ப்புகளுக்கு நடுவே ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு மருத்துவரானார்.

வெளியே வந்த இருவரும் பின்னால் வருபவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். எவ்வளவு தூரம் திறந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் சுப்புலட்சுமி நடத்திய இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானதாகத் தொடங்கியது. அது பெரிய துணிச்சல்தான், ஆனால் சாதியின் வேலிக்குள் நடந்த துணிச்சல். முத்துலட்சுமி தொடங்கி, அடையாறில் வளர்ந்த அவ்வை இல்லம் வேறு இல்லங்கள் சேர்த்துக்கொள்ளாத பெண்களுக்கு இடம் கொடுத்தது. ஒரு கதவைத் திறக்கிறோம் என்று சொல்லும்போது, அதற்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

என் மாணவிகளுக்கு இது எளிதில் புரியும். ஒருநாள் கல்விச் சுற்றுலாவுக்கு அப்பாவின் கையெழுத்து கேட்டால் வகுப்பில் பாதிப் பேரின் முகம் வாடிவிடும். "எங்க வீட்ல விடமாட்டாங்க மேம்." அவர்களுக்குக் கல்லூரியே ஒரு வெளியூர்ப் பயணம். பேருந்து நிறுத்தம், தோழியோடு ஒரு டீ, நூலகத்தில் ஒரு மணி நேரம் — இவ்வளவுதான் அவர்கள் பார்க்கும் வெளி. பள்ளி ஒரு சிறை என்று சொல்பவர்களோடு என்னால் முழுமையாக ஒத்துப்போக முடியாததற்குக் காரணம் இவர்கள்தான். வீட்டைவிடப் பள்ளி திறந்திருக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. அவளை வேலையிலிருந்து காப்பாற்றுவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமையில் இருக்கும் ஒரே இடம் அவளுடைய பள்ளிக்கூடம்.

அப்படியானால் பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டுமா? அப்படித் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. அந்தப் பதினோரு பிள்ளைகளின் கண்களில் இருந்த ஆர்வம் பொய்யில்லை. ஆனால் என் பிள்ளையின் சுதந்திரம் யாருடைய நேரத்தில் நடக்கிறது என்ற கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத கல்வி அரைகுறைக் கல்விதான், அது பள்ளியில் நடந்தாலும் வீட்டில் நடந்தாலும். தோழியின் மூத்த மகனுக்கு ஒன்பது வயது. பெரிய அக்கா ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்ததையும் அவன் அன்று பார்த்தான். அதுவும் ஒரு பாடமாக அவனுக்குள் போயிருக்கும், நாங்கள் யாரும் நடத்தாமலேயே.

இரண்டு நாள் கழித்துத் தோழியிடம் பேசினேன். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. "நான் என்ன அவளைக் கொடுமையா படுத்தினேன்? சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், பணம் கொடுத்தேன்." பிறகு சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "உங்களுக்கென்ன அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்க" என்றாள். அதில் உண்மை இருந்தது. நான் அன்று காலை கல்லூரிக்குக் கவலையில்லாமல் கிளம்பியதற்கும் என் வீட்டில் பாத்திரம் துலக்கும் ஒருவர் காரணம். என் வாயை நான் வாசலிலேயே திறந்திருக்க வேண்டும். அழைப்பை ஒத்துக்கொண்ட நாகரிகம் என்னைத் தடுத்துவிட்டது.

இப்போதும் அவர்களோடு போகிறேன். மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளும் வர முடிகிற மாதிரி சனிக்கிழமையில் போக வேண்டும். அப்பாக்கள் முறை வைத்து வர வேண்டும். வருகிற எந்தக் குழந்தையும் இன்னொரு குழந்தையைத் தூக்கக்கூடாது. முதல் இரண்டும் பாதிதான் நடக்கிறது. மூன்றாவது நடக்கிறது.

அந்தச் சிறுமி ஒரே ஒரு சனிக்கிழமை வந்தாள். கைகள் இரண்டும் சும்மா இருந்ததால் எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதன்பிறகு வரவில்லை. பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டால், "போறா, போறா" என்கிறார்கள். அதை நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் பாக்கியிருக்கிறது. அவள் கேள்விக்கான பதிலும்.