தோழியின் வெற்றி

பொறாமை தொலைவில் இருப்பவர்மேல் எளிதில் எழுவதில்லை. வயதிலும் இடத்திலும் நிலையிலும் தனக்கு நிகரானவர்மேல்தான் அது எழும் என்று அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் விளக்குகிறார். நட்பு வேர்விடுவதும் அதே நிகர்மையில்தான். மலேசியாவின் சுங்கை வே வட்டாரத்தில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரே இடைநிலைப்பள்ளிக்குப் போய், 17 வயதில் சேர்ந்தே இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் இரு பெண்களிடம் இவ்விரண்டும் ஒன்றாகவே வளர்கின்றன. எத்தகைய போட்டியை நட்பு தாங்கும் என்பதே இங்குள்ள மெய்யியல் கேள்வி.

மகாபாரதத்தின் ஆதிபருவம் தாங்காத போட்டி ஒன்றைக் காட்டுகிறது. தேவயானி அசுரகுரு சுக்கிராச்சாரியாரின் மகள். சர்மிஷ்டை அசுர வேந்தன் விருஷபர்வனின் மகள். இருவரும் நீராடுகையில் இந்திரன் காற்றாக வந்து கரையில் கிடந்த ஆடைகளைக் கலைத்துவிடுகிறான். சர்மிஷ்டை தெரியாமல் தோழியின் ஆடையை உடுத்துகிறாள். சண்டை ஆடையோடு நிற்கவில்லை. யாருடைய தந்தை உயர்ந்தவர், யார் யாரை அண்டிப் பிழைக்கிறார் என்று போய், தேவயானி கிணற்றில் தள்ளப்படுகிறாள். பிறகு சர்மிஷ்டை ஆயிரம் பணிப்பெண்களோடு அவளுக்கே ஏவல் செய்ய நேர்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அளந்த கோல் அவர்களுடையதாக இல்லை. அது தந்தையரிடமிருந்து வந்தது.

அந்தக் கோல் இன்றும் வீட்டில்தான் இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டும், எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று மாமாவும் சித்தியும் கேட்பது “எத்தனை ஏ?” என்பதுதான், அடுத்த கேள்வி பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியது. வேலையிடமும் இப்படிப் பெண்களை ஒருவரோடொருவர் அளந்தது. 1970களில் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் திரளாக வந்தார்கள். அக்கால மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் நிருவாகமே உற்பத்திப் போட்டியும் அழகுப் போட்டியும் வைத்ததை ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர்.

திருவெம்பாவையில் வேறு வகைப் போட்டி இருக்கிறது. மாணிக்கவாசகரின் இந்த 20 பாடல்கள் மார்கழி விடியலில் கிள்ளான் பள்ளத்தாக்குக் கோயில்களிலும் ஓதப்படுகின்றன. முதலில் எழுந்த பெண்கள் தூங்குபவளைச் சீண்டுகிறார்கள்: நேற்று வாய்கிழியப் பேசிய அன்பு எங்கே போயிற்று? உள்ளே இருப்பவளும் விடாமல் பதில் சொல்கிறாள். யாருக்குப் பக்தி அதிகம் என்ற வழக்கு அங்கே வெளிப்படையாகவே நடக்கிறது. ஆனால் அருளை ஒருத்தி பெறுவதால் இன்னொருத்திக்கு எதுவும் குறைவதில்லை; அவளை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல்தான் வாசலில் நின்று எழுப்புகிறார்கள். நன்மை, பகிர்வதால் குறையாத உடைமை என்று அகஸ்டின் ‘கடவுளின் நகர’த்தில் எழுதியதும் இதைத் தொடுகிறது.

1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டியில் இரண்டு வகையும் கலந்துள்ளன. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படியேறும் அதில், ஒரே ஆசிரியரிடம் ஒரே பதிகத்தைச் சேர்ந்து பழகிய இருவரில் ஒருத்திதான் மேலே போகக்கூடும். இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் நாவில் திருமுறையை நிலைக்கவைத்த போட்டி அது; நிறுத்துவது இழப்பு. நடுவர்கள் பண்ணுக்கும் தாளத்துக்கும் உச்சரிப்புக்கும் புள்ளி போடலாம், அன்புக்குப் போட முடியாது. தோற்றவளுக்கு இந்த வேறுபாட்டை ஆசிரியர் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தன் பக்தியே இரண்டாம் தரம் என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

பிறர் நலம் கண்டு மகிழ்வது தானாக வராது, பழக வேண்டிய ஒன்று என்பதில் பதஞ்சலியும் பௌத்தமும் ஒன்றுபடுகின்றன. இரு மரபுகளும் அதை முதிதை என்கின்றன. பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் தம் விசுத்திமக்கத்தில், மிக நெருங்கிய நண்பரிடம் அப்பயிற்சியைத் தொடங்கி, பகைவரிடம் பிறகு செல்லும்படி வகுக்கிறார். பதின்ம வயதில் சிக்கல் இங்கேதான் வருகிறது: நெருங்கிய தோழியும் முதல் போட்டியாளரும் ஒருத்தியே. எளிய படியும் கடைசிப் படியும் ஒரே ஆளிடம் ஏற வேண்டியிருக்கிறது. தோற்ற அன்றே “போய் வாழ்த்திவிட்டு வா” என்று பெரியவர்கள் ஒருத்தியைத் தள்ளிவிட்டால் அவள் பழகுவது முகபாவனை மட்டுமே. சில நாள் பேசாமல் இருக்க விடுவது, பிறகு அவளாகவே போவதற்குக் காத்திருப்பது, இவ்விரண்டும் அந்தப் பயிற்சிக்குள் சேரும்.