கப்பமும் பொதுப்பணமும்: ஓர் அறவியல் நோக்கு

தீயோர்க்குப் பணிந்து சிறுபொருள் இழப்பது தக்கதா, பணியாது பெரும்பொருள் இழப்பது தக்கதா என்னும் வினா அறவியலிற் பழையது. இழப்பது தன் பொருளாயின் விடை அவரவர்க்குரியது. பொதுமக்கள் பணமாயின் அவ்வினா வேறொரு வடிவம் பெறுகின்றது.

2019 மே 7ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் மாநகராட்சிக் கணினிகள் கப்பம் கோரும் நிரலொன்றினால் முடக்கப்பட்டன. கோரப்பட்டது 13 பிட்கொயின். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 76,000 டொலர். மாநகர முதல்வர் கொடுக்க மறுத்தார். நீர்க்கட்டணப் பட்டியல்கள் நின்றன. வீடு, காணிக் கைமாற்றங்கள் தடைப்பட்டன. மீட்புச் செலவும் வருமான இழப்புமாக 1 கோடி 82 இலட்சம் டொலர் வரையாகுமென மாநகராட்சி மதிப்பிட்டது. சட்டமோ மெல்லவே நடந்தது. இத்தாக்குதல் தொடர்பில் ஈரானியர் ஒருவர் அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2025 மே மாதத்திலேயாகும்.

கணக்கை மட்டும் நோக்குவோர், கேட்டதைக் கொடுத்திருக்கலாம் என்பர். ஆயின் கப்பம் பண்டமொன்றின் விலையன்று. அடுத்த தாக்குதலுக்கு இடப்படும் முதல். அதனைக் கொடுக்கும் நகரம் தன் துன்பத்தை முகமறியா வேறொரு நகரின் தலையில் ஏற்றிவிடுகின்றது. ஆதலின் மறுத்தலே அறம்.

எனினும், அவ்வறத்தின் பயன் எல்லா நகரத்தார்க்கும் உரியது. செலவோ தாக்குண்ட நகரத்தாரையே பெரிதும் சாரும். பயன் பொதுவாயின் சுமையும் பொதுவாதலே நீதி. செல்வ நகரொன்று தாங்கியதைக் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேச சபை போன்றதொரு சபை தாங்குமா? அப்பிரதேசத்து ஜெயபுரத்தில் வாழும் உழவருக்குக் காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புப் பதிவும் வெறும் தாள்கள் அல்ல. 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் ஆவணங்களை இழந்தோர் வன்னியிற் பலர். பதிவு அழிதலின் பொருளை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மக்களின் பதிவுகள் மீண்டும் அழிய விட்டு, கப்பம் கொடாது அறங்காத்தோம் என ஆள்வோர் பெருமை கொள்ளல் ஆகாது. பிறர் இழப்பிலே தாம் அறவோராதல் எளிது.

சுமையை எல்லாரும் பகிர்வதாயின், பகிர வேண்டிய காலம் எது? 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச மின்னஞ்சல் முறைமை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் அன்றுவரையான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இல்லாமையால், சுமார் 5,000 முகவரிகளின் அக்காலக் கடிதங்கள் அழிந்தன. பழைய மென்பொருளை மாற்றும் திட்டம் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் 2021 முதற் பிந்தியதாகப் பொறுப்பான முகவர் நிலையம் கூறியது. அழிந்த பின்னர் வழக்கறிஞரும் வல்லுநரும் எத்துணை வேதனம் பெறினும், இல்லாத பிரதியை உண்டாக்குதல் அவர்க்கு இயலாது.

எனவே பொதுத் திறைசேரியின் கடன் தாக்குதலுக்குப் பின்னன்று, முன்னரே தொடங்குகின்றது. காப்புப் பிரதி உடைய சிறு சபையே கப்பத்தை அஞ்சாது மறுக்கும். அவ்வலிமையை அளியாது மறுப்பை மட்டும் அதனிடம் எதிர்பார்த்தல், வறியவரிடம் ஈகை கேட்பதனை ஒக்கும்.